முதுகு முள்ளும் குளக்கரை வாடகையும்

கள்ளிக்கரடு என்கிற பாறைக்குன்றில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் இருந்தது. அப்பன் பேர் சடையன். அம்மா பேர் கூராயி. அவர்களுக்கு இரண்டு குட்டிகள். முள்ளம்பன்றிக் குட்டிக்குப் பிறந்தவுடனே முள் குத்தாது. மெத்தென்றுதான் இருக்கும். அது முற்றிக் கூராக நாளாகும். அதுவரைக்கும் பெற்றவளுக்குத் தூக்கம் ஏது?

அதே கரட்டில் ஒரு சிறுத்தையும் இருந்தது. சடையன் முள்ளைச் சிலிர்த்து, வாலைக் கலகலவென்று ஆட்டினால் போதும், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விடும். மூக்கில் முள் வாங்க அதற்கென்ன பைத்தியமா? ஆனால் பக்கத்துப் பொந்துக்காரியின் குட்டியை ஒருநாள் அது கவ்விக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து கூராயி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து முயல் வெள்ளச்சி வந்து சேர்ந்தாள். அவள் கரட்டை விட்டு அல்லிக்குளத்தங்கரைக்குக் குடிபோய்க் கொஞ்ச நாளாகியிருந்தது.

“இன்னுமா இந்தக் கரட்டுல கிடக்கறே? எங்க கரைக்கு வந்து பாருடி! சிறுத்தை வாசமே கிடையாது! சுத்தி வேலி, வாசல்ல படல் கதவு. புள்ளைங்க அதுபாட்டுக்கு ஓடி ஆடுது!”

“வாடகை எப்படிடி?”

“அதையெல்லாம் பாத்தா புள்ளைகளை வளக்க முடியுமா? அவங்கவங்ககிட்ட இருக்கறதைக் குடுக்க வேண்டியதுதான்.”

சொல்லும்போதே வெள்ளச்சிக்கு உடம்பு நடுங்கியது. அவள் வயிற்றுப் பக்கம் ரோமமே இல்லை. என்னடி இது என்று கூராயி கேட்டாள். “குளத்துக் காத்து, ஒத்துக்கலே,” என்றாள் வெள்ளச்சி. கூராயி அதற்கு மேல் துருவவில்லை. போவது என்று மனசுக்குள் மூட்டை கட்டிவிட்டவளுக்கு மற்றதெல்லாம் கண்ணில் படுமா?

சடையன்தான் தயங்கினான். “ஏ புள்ள, நம்ம முதுகுல முள்ளு இருக்கறப்ப ஊரான் வேலி நமக்கு எதுக்கு?”

“உங்க முதுகுல இருக்குதுங்க. குட்டி முதுகுல இருக்குதா?”

சடையன் குட்டிகளின் முதுகைத் தடவிப் பார்த்தான். மறுநாளே கிளம்பினார்கள்.

குளக்கரை பூராவும் உடும்பு மணியக்காரருக்குச் சொந்தம். யார் கொடுத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டவர்கள் யாரும் இப்போது அந்தக் கரையில் இல்லை.

“நல்ல குடும்பமாத் தெரியறீங்க,” என்றது உடும்பு. முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, முதுகைப் பார்த்துத்தான் சொன்னது. “அமாவாசைக்கு அமாவாசை ஒரு கட்டு முள்ளு வாடகை. முன்பணமா ஒரு சுமை முள்ளு இப்பவே வெக்கணும். பொழுது சாஞ்சா படலை மூடிடுவோம். எல்லாரோட பாதுகாப்புக்குத்தான்!”

“ஒரு சுமையா!” சடையன் வாயைப் பிளந்தான்.

“கட்டுப்படியாகலேன்னா கரட்டுக்கே போங்க. உங்களுக்குப் பின்னால எத்தனை பேர் நிக்கறாங்க தெரியுமா?”

பின்னால் ஒருவரும் நிற்கவில்லை. ஆனாலும் சடையன் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசர அவசரமாகச் சரி என்றான்.

பல்லைக் கடித்துக்கொண்டு முதுகு முள்ளைப் பிடுங்கிக் கொடுத்தான். உடும்பு அதையெல்லாம் கூர்முனை வெளியே பார்க்கிற மாதிரி வேலியில் வரிசையாகச் செருகியது. வெறும் ஈச்சமட்டை வேலிக்கு அன்றைக்குத்தான் ஒரு களை வந்தது.

முதல் மாதம் சொர்க்கம்தான். பொய் சொல்லக் கூடாது. குட்டிகள் கரையெல்லாம் உருண்டு புரண்டன. கூராயி கண்ணயர்ந்து தூங்கினாள். ஆனால் குளத்தில் விளையும் அல்லிக்கிழங்கில் மட்டும் வாய் வைக்கக் கூடாதாம். அதற்குத் தனி முள்ளாம்! அதனால் சடையன் விடிவதற்குள் கிளம்பி, பழைய கரட்டுக்கே நடந்து போய்க் கிழங்கு தோண்டினான். படல் மூடுவதற்குள் ஓட்டமும் நடையுமாய்த் திரும்பினான். எந்த இடம் ஆகாது என்று விட்டு வந்தானோ, பகலெல்லாம் அங்கேதான் கிடந்தான். அவன் வந்து சேரும்போது குட்டிகள் சுருண்டு படுத்திருக்கும். முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வான்.

பிடுங்கிய இடத்தில் முள் முளைக்க மாசக்கணக்கில் ஆகும். அமாவாசை அதுவரைக்கும் காத்திருக்குமா? சடையன் முதுகு வெளுத்தது. அவனுடையது போதாமல் கூராயி முதுகிலிருந்தும் போக ஆரம்பித்தது.

“என்னடி, முதுகு இப்படி ஆயிடுச்சு?” என்று வெள்ளச்சி கேட்டாள்.

“வெயில் காலமில்ல, அதான் உதிருது.”

“ஆமாமா, இந்தக் கரையில எல்லாருக்கும் உதிரும்,” என்றாள் வெள்ளச்சி. இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் சடையன் கிழங்கோடு வந்து, “இன்னைக்கு சிறுத்தை என்னை நலம் விசாரிச்சுது,” என்று சொல்லிச் சிரித்தான். “‘சடையா, பாத்து நாளாச்சு, இளைச்சுப் போயிட்டியே’ன்னு கேக்குது!”

கூராயிக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்று நெருப்பு மறுபடியும் பற்றிக்கொண்டது. இந்தத் தடவை குட்டிகளுக்காக இல்லை, அவனுக்காக.

அடுத்த அமாவாசைக்கு உடும்பு வந்தது. “இனிமே ரெண்டு கட்டு,” என்றது.

“ஏனுங்க?”

“வேலியைப் பாத்தியா? இந்தக் காட்டுலயே இப்படி ஒரு வேலி கிடையாது! இடத்துக்கு மதிப்பு ஏறிப்போச்சு!”

கூராயிக்கு ஆத்திரம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. “அய்யா, அது எங்க முள்ளு!”

“உங்க முள்ளுன்னா உங்க முதுகுல இருக்கணும். என் வேலியில இருந்தா என் முள்ளு!”

அடப்பாவி! ஒரு வார்த்தை தப்பில்லாமல் எப்படிப் பேசுகிறான் பாருங்கள்.

“போயிரலாமுங்க,” என்று அன்றைக்குக் கூராயி சடையனிடம் கெஞ்சினாள். “கரட்டுக்கே போயிரலாம்.”

“இந்த முதுகை வெச்சுக்கிட்டா?” என்றான் சடையன். “அங்கே போக முள்ளு வேணும் புள்ள. இங்கே இருக்கவும் முள்ளு வேணும். குட்டிகளுக்கு முத்துற வரைக்கும் எப்படியாவது தாக்குப் பிடிப்போம்.”

மிச்சமிருந்தது வால் முள்தான். கலகலவென்று சத்தம் போட்டுச் சிறுத்தையை விரட்டுகிற முள். அதையும் பிடுங்கி வாடகையில் சேர்த்தான். அப்படியும் இரண்டு கட்டு நிறையவில்லை. மீதிக்குத் தவணை சொன்னான்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு விடியலில் அவன் கிளம்பும்போது சின்னக் குட்டி கண் விழித்துவிட்டது.

“அப்பா! வாலைக் கலகலன்னு ஆட்டு!”

சடையன் ஆட்டினான். சத்தம் வரவில்லை.

“அப்பாவுக்கு இன்னும் தூக்கம் தெளியலேடா,” என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தான். கூராயி அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம். கூராயி மூடிய படலோரம் நின்று வழி பார்த்தாள். தூரத்தில் சடையன் ஓடி வருவது தெரிந்தது. பின்னாலேயே சிறுத்தை. அது ஒன்றும் அவசரப்படவில்லை. முள்ளில்லாத முள்ளம்பன்றியைப் பிடிக்க என்ன அவசரம்?

“படலைத் திறங்க! மணியக்காரரே, படலைத் திறங்க!”

உடும்பு வானத்தைப் பார்த்தது. “பொழுது சாஞ்சிருச்சே.”

“அய்யா, உங்க காலைப் பிடிக்கறேன்! அவரு வந்துட்டாரு, பாருங்க!”

“ஒருத்தனுக்காகத் திறந்தா சிறுத்தையும் உள்ளே வரும். மத்த குடும்பங்களை நெனச்சுப் பாத்தியா?” என்று சொல்லிப் படலை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டது.

மற்ற குடும்பங்கள் அதற்குள் பொந்துக்குள் போய்விட்டன. வெள்ளச்சியும்தான் போய்விட்டாள்.

சடையன் வந்த வேகத்தில் வேலியில் மோதினான். அவன் முதுகில் இருந்த முள்ளெல்லாம் இப்போது அவன் மார்பில் ஏறியது. உள்ளே வரவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. “கூராயி, புள்ளைகளைப் பாக்க விடாதே!” என்று மட்டும் கத்தினான். சிறுத்தைக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. குட்டிகளின் கண்ணை மூடிக்கொண்டு, கூராயி எல்லாவற்றையும் பார்த்தாள்.

விடிந்ததும் உடும்பு துக்கம் விசாரிக்க வந்தது.

“நடந்தது நடந்துபோச்சு. மனசைத் தேத்திக்க,” என்றது. அப்புறம் கொஞ்சம் கனைத்துக்கொண்டது. “அந்த மீதி வாடகை நிக்குதே. அட, குட்டிகளுக்கு முள்ளு நல்லா முத்திருச்சு போல!”

கூராயிக்கு அழுகை வரவில்லை. குட்டிகளைத் தட்டி எழுப்பினாள்.

“கிளம்புங்கடா.”

“அடி பைத்தியக்காரி! வெளியே சிறுத்தை இருக்கு!” என்றது உடும்பு.

“இருக்கட்டும். அது பசிச்சாத்தான் திங்கும்!”

மூன்று பேரும் படலைத் தாண்டினார்கள். பாறை மேல் சிறுத்தை படுத்திருந்தது. குட்டிகள் இரண்டும் அம்மாவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக, புதுசாய் முற்றிய முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நடந்தன. சிறுத்தை தலையைத் தூக்கிப் பார்த்தது. இறங்கி வரவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றக் கரையேறிய கூராயி, பிள்ளைகள் காவலில் கரட்டுக்குத் திரும்பினாள். சடையன் இருந்திருந்தால் அந்த முள்ளைப் பார்த்து எவ்வளவு பூரித்திருப்பான்! குளக்கரையில் அவர்கள் விட்டு வந்த பொந்து மத்தியானத்துக்குள் வேறொரு குடும்பத்துக்குப் போய்விட்டது.

தன் முதுகு முள்ளைப் பிடுங்கிக் கொடுத்து அடுத்தவன் வேலிக்குள் பாதுகாப்புத் தேடுகிறவனை, ஆபத்து வரும் நாளில் அந்த வேலியே வெளியில் நிறுத்திவிடும்.