சேசி இல்லாமல் பழனிக்குப் போன பஸ்

அங்கமுத்து பொய்யே பேசுகிற ஆள் என்று சொன்னால் அது அநியாயம். மணி கேட்டால் சரியாகத்தான் சொல்வார். அதற்கு மேல் இன்னொரு கேள்வி கேட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற ஒரு பட்டறையில் அவருக்குக் கண்ணாடி மாட்டும் வேலை. அன்றைக்குப் பட்டறையே தலையில் கை வைத்து நின்றது. புது பஸ் பளபளவென்று தயார். ஆனால் ஷெட்டை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. பஸ்ஸை வாங்குகிறவர் கடைசி நேரத்தில் கூரைமேல் ஒரு தகர மயில் கேட்டார். வெல்டிங் செக்‌ஷன் மயிலை நிறுத்தியது, பெயின்ட் செக்‌ஷன் தோகைக்குப் பச்சை அடித்தது. வாசல் உத்தரம் எவ்வளவு உயரம் என்று எந்தச் செக்‌ஷனும் பார்க்கவில்லை. மயிலின் கொண்டை போய் உத்தரத்தில் இடித்தது. டயரில் காற்றை இறக்கிப் பார்த்தும் இன்னும் ஒரு விரல்கட்டை மிச்சம்.

அந்தப் பட்டறை வழக்கமே அப்படித்தான். ஒரு செக்‌ஷன் பஸ்ஸை விட்டு இறங்கினால்தான் அடுத்த செக்‌ஷன் ஏறும். டீ குடிக்கக்கூட ஆளுக்கொரு கடை. மயில் மாட்டியதும் வெல்டர்களைப் பெயின்டர்கள் திட்ட, இரண்டு பேரையும் சீட் தைக்கிறவர்கள் திட்ட, மூன்று கூட்டமாக முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"சாயங்காலம் பூசைக்கு வண்டி வெளிய நிக்கோணும். எவன் எடுக்கறானோ அவன்தான் இனிமே டீம் லீடரு!" என்று கத்திவிட்டு முதலாளி ஆபீசுக்குள் போய்விட்டார்.

இதில் அங்கமுத்து வசமாக மாட்டிக்கொண்டார். ஏனென்றால் டீம் லீடர் ஆகிவிட்டேன் என்று போன வாரமே வீட்டில் சொல்லிவிட்டார். மனைவி பொன்னாத்தா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இன்றைக்கு வேறு எவனாவது ஆகித் தொலைத்தால் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது?

யோசனை வரவில்லை. வாய்தான் வந்தது. பஸ்ஸுக்குள் ஏறி, என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்த டிரைவர் கருப்பண்ணனுக்குப் பின்னால் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார்.

"முன்ன நான் வேல செஞ்ச வாங்கல் ஊர்ப் பட்டறைல எங்க டீமு இருந்துச்சு பாருங்க, அதுதான் டீமு! எட்டுப் பேரு சுத்தியல் அடிச்சா ஒரே சத்தந்தான் கேக்கும். ஒருத்தன்தான் வேல செய்யறான்னு நெனச்சு, அங்கத்த மொதலாளி மிச்ச ஏழு பேர்த்தையும் லீவுல அனுப்பிட்டாரு."

வெல்டர் குழந்தைவேல் படியில் கால் வைத்தார். "அப்பறம் வேலைய யாருங்ணா செஞ்சா?"

"அந்த ஏழு பேருந்தான். லீவுங்கறதுக்காக ஒத்துமைய உட முடியுமா?"

குழந்தைவேலுக்குப் பொறுக்கவில்லை. சண்டை போடுவதற்கென்றே உள்ளே வந்தார். அவர் வந்ததும் வெல்டர்கள் எல்லாரும் வந்தார்கள்.

"ஒருத்தனுக்குப் பல்லு வலி. அவனுக்கு வேல இருந்துச்சு. சும்மா இருந்த இன்னொருத்தனை அனுப்பிப் பல்லைப் புடுங்கிட்டு வந்தோம். இவனுக்கு வலி நின்னுபோச்சு."

பெயின்டர்களுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. சிரிப்புச் சத்தம் தாங்காமல் அவர்களும் ஏறினார்கள். "கால எடுங்கடா, சீட்டு அழுக்காவுது!" என்று விரட்ட வந்த பாவாயி அக்கா, சீட் தைக்கிற கூட்டத்துக்கே தலைவி, திட்டி முடித்துவிட்டு அதே சீட்டில் உட்கார்ந்தாள். அவள் பின்னால் அவள் ஆட்கள். ஃபேன் வேறு நன்றாகச் சுற்றியது.

"இதே மாதிரி ஒரு பஸ்சு அங்கயும் மாட்டிக்கிச்சு" என்றார் அங்கமுத்து. ஆள் சேரச் சேர அவருக்குத் தெம்பு ஏறியது. "மீட்டிங் போட்டோம். ஆளுக்கு ஆளு யோசனை சொல்ல, யோசனை பெருகிப் பெருகி ஷெட்டுக்குள்ள எடம் பத்தல. கூரை பிச்சுக்கிட்டுக் காவேரியத் தாண்டி மோகனூர்ல போய் எறங்குச்சு. இன்னிக்கும் அந்தக் கூரைக்கடியில கல்யாண மண்டபம் நடக்குது."

"எனக்கு மோகனூர்தான்" என்றாள் பாவாயி. "அப்படி ஒரு மண்டபமே இல்ல."

"முகூர்த்த நாள்ல மட்டுந்தான் அக்கா எறங்கும்."

ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன, அப்படிச் சிரிப்பு. வாட்ச்மேன்கூட வந்து ஃபுட்போர்டில் தொங்கினார்.

"இதெல்லாம் என்ன! ஒரு பஸ்ஸுக்கு என்ஜின் வெக்கவே மறந்துட்டோம். ஒத்துமையிலேயே அது பழனி போய்ட்டு வந்துச்சு."

குழந்தைவேல் எழுந்துவிட்டார். "யோவ், என்ஜின் சேசியோட, அந்த அடிச்சட்டத்தோட சேந்துதான்யா பட்டறைக்கே வரும்!"

"அந்தச் சேசியவே வாங்க மறந்துட்டோம்ங்கறேன்!"

குழந்தைவேலுக்கு வெறி வந்து, பஸ்ஸின் தகரத்தைக் கையால் படார் படார் என்று இரண்டு தட்டுத் தட்டினார். கருப்பண்ணன் முப்பது வருடம் ரூட் பஸ் ஓட்டிய ஆசாமி. வண்டி நிறையக் கூட்டம், பின்னால் கண்டக்டர் 'ரைட்' கொடுப்பது போல இரண்டு தட்டு. கை தானாகக் கியரைப் போட்டது.

"மயிலு! மயிலு!" என்று பாவாயி அலறுவதற்குள் பஸ் வெயிலில் நின்றது. எல்லாரும் இறங்கி மேலே பார்த்தார்கள். கொண்டையில் ஒரு கீறல் இல்லை. ஆள் இறங்க இறங்கத்தான் வண்டி ஒரு விரல்கட்டைக்கு மேலேயே எழும்பியது. மூன்று செக்‌ஷனும் ஒன்றாக ஒரு பஸ்ஸில் ஏறியது அன்றைக்குத்தான், அதன் பாரம் எவ்வளவு என்று பட்டறைக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலாளி ஓடிவந்தார். "யாரு எடுத்தது?"

தட்டினது நான் என்றார் குழந்தைவேல். ஓட்டினது நான் என்றார் கருப்பண்ணன். எங்கள் ஆட்கள்தான் கனம் என்று பெயின்டர்கள் ஆரம்பிக்க, மறுபடி மூன்று கூட்டம் ஆகிவிட்டது.

"நீ என்ன பண்ணுன?" என்று முதலாளி அங்கமுத்துவைக் கேட்டார்.

சொல்வதற்கு ஒரு பொய்யும் கிடைக்கவில்லை. "கதை சொல்லிட்டு இருந்தனுங்க."

"இவுரையே லீடராப் போடுங்க" என்றாள் பாவாயி. "இந்த மனுசன் புளுகுனாத்தான் நாங்க எல்லாரும் ஒரே எடத்துல உக்கார்றோம்."

முதலாளி யோசித்துப் பார்த்தார். வேறு எவரைப் போட்டாலும் மற்ற இரண்டு கூட்டம் விடாது. சரி என்றார்.

அங்கமுத்து வீட்டுக்கு ஓடாத குறைதான். மனசு நிறைந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக நடந்ததை நடந்தபடியே பொன்னாத்தாவிடம் சொன்னார். போன வாரம் சொன்னது பொய், இன்றைக்குத்தான் ஆனேன் என்றார். நான் புளுகினேன், கேட்க எல்லாரும் ஏறினார்கள், பாரத்தில் வண்டி அமுங்கி வெளியே வந்துவிட்டது, அதற்காக என்னை டீம் லீடர் ஆக்கிவிட்டார்கள் என்றார்.

பொன்னாத்தா சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினாள்.

"போன வாரம் சொன்னதாச்சும் நம்பற மாதிரி இருந்துச்சுங்க" என்றாள்.