முதல் பரிசுக்குச் சான்று

இசக்கியம்மாளிடம் பாடம் கேட்க வந்தவர்களில் பெர்னதெத்துக்குத்தான் வயது அதிகம். ஐம்பத்திரண்டு. சொல்லிக்கொடுக்கிற இசக்கியம்மாளுக்கு முப்பத்தாறு.

இசக்கியம்மாளுக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. சனிக்கிழமை மத்தியானம் மட்டும் பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்தின் மாடியில் உட்கார்ந்து, இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதவும் திருத்தவும் கற்றுக்கொடுப்பாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது அந்தக் களஞ்சியத்தின் சட்டம். எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் சான்று காட்ட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். முதல் சட்டம் எல்லோருக்கும் பிடிக்கும்.

வயதைப் பார்த்து அவள் இவளை அக்கா என்றாள். பாடத்தைப் பார்த்து இவள் அவளை டீச்சர் என்றாள்.

முதல் மாதம் பெர்னதெத் ஒழுங்காகத்தான் இருந்தாள். குளங்களைப் பற்றி எழுதினாள், மதகுகளைப் பற்றி எழுதினாள். குளத்தின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டாம் மாதம் 'கிளாடிஸ் செல்வமணி' என்ற கட்டுரையைத் திறந்தாள்.

கிளாடிஸ் பதினைந்து வருடமாகத் தொலைக்காட்சியில் சமைக்கிறவள். நான்கு சமையல் புத்தகம் போட்டவள். கான்வென்ட்டில் பெர்னதெத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். பெர்னதெத்தின் வீட்டுக்காரர் மத்தியானம் இவள் வைத்த மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே டிவியில் அவள் வைக்கிற மீன்குழம்பைப் பார்ப்பார். "அவ மண்சட்டியிலல்லா வைக்கா" என்பார். இவள் அடுப்பிலிருப்பதும் மண்சட்டிதான்.

அடுத்த சனிக்கிழமை இசக்கியம்மாள் அந்தக் கட்டுரையைத் திறந்து பார்த்தாள். பதினோரு வரிகளுக்குப் பக்கத்தில் 'சான்று தேவை' என்று குறி போட்டிருந்தது.

"என்னக்கா இது, அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

"சான்று கேட்டிருக்கேன் டீச்சர். நீங்கதானே கேக்கச் சொன்னீங்க."

"பிறந்த ஊருக்குமா?"

"அவ எல்லாத்தையும் கூட்டித்தான் சொல்லுவா."

"ஊரை எப்படிக்கா கூட்டிச் சொல்றது?"

பெர்னதெத் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"இதுல பத்து வரிக்கு ஏற்கெனவே கீழே செய்தித்தாள் சான்று இருக்கு. நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"பார்த்துமா?"

"அந்தப் பேப்பரெல்லாம் அவளைப் பாராட்டித்தான் எழுதுது."

இசக்கியம்மாள் பத்துக் குறிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு பெர்னதெத் புதிதாகச் சேர்த்திருந்த ஒரு வரிக்கு வந்தாள். 'இவரது செய்முறைகளில் பல, பிறரிடமிருந்து எடுக்கப்பட்டவை.'

"இதுக்கு?"

"கீழே கொடுத்திருக்கேனே. ஒரு வலைப்பூவுல வந்திருக்கு."

"எழுதினவங்க பேரு?"

"உண்மை விளம்பி."

"அது யாரு?"

"உண்மையைச் சொல்றவங்க."

இசக்கியம்மாள் அந்த வரியை அழித்தாள். "உயிரோட இருக்கிற ஒருத்தரைப் பத்தி எழுதுறோம் அக்கா. பேர் சொல்லப் பயப்படுறவங்களை நம்பி இதை வைக்க முடியாது."

"அப்ப யாரைத்தான் டீச்சர் நம்புறது?"

இசக்கியம்மாள் மிச்சமிருந்த பதினோராவது குறியின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். 'பள்ளி நாட்களிலேயே மாவட்டச் சமையல் போட்டியில் முதல் பரிசு பெற்றார்.' சான்று, ஒரு வார இதழில் கிளாடிஸ் கொடுத்த பேட்டி.

"இதை மட்டும் சரியாக் கேட்டிருக்கீங்க. இது அவங்க வாயாலேயே சொன்னது. தன் பெருமையைத் தானே சொன்னா போதாது, வேற யாராவது சொல்லணும்."

ஒரு மாதமாகப் பெர்னதெத் காத்திருந்தது இதற்குத்தான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப நான் சொல்றேன். அந்தப் பரிசு எனக்குக் கொடுத்தது. எண்பத்தெட்டுல. நான் வச்ச அவியலுக்கு. எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தாங்க, இன்னைக்கும் அதுலதான் சீரகம் போட்டு வச்சிருக்கேன். எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். என் மகளைக் கேளுங்க."

"மகள் பார்த்தாங்களா?"

"அவ அப்ப எங்க பிறந்தா? நான் சொல்லித்தான் தெரியும்."

"அப்ப அது உங்க பேட்டி, அக்கா."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். பெர்னதெத் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

"டீச்சர்," என்றாள். குரல் தணிந்திருந்தது. "அவளுக்கு டிவி இருக்கு. புத்தகம் இருக்கு. ஏர்போர்ட்ல நின்னு போட்டோ எடுத்துக்க ஆள் இருக்கு. எனக்கு எழுதிக் காட்டுற மாதிரி இருக்கிறது அந்த ஒண்ணுதான். அதையும் அவ எடுத்து அவ பேருல போட்டுக்கிட்டா நான் எதைச் சொல்றது?"

இசக்கியம்மாள் திரையை விட்டு இவள் பக்கம் திரும்பினாள்.

"அந்த வருஷத்து ஆண்டு மலர் உங்க பள்ளியில இருக்குமா?"

"இருக்கும். சிஸ்டர்மார் ஒரு தாளைக்கூடத் தூரப் போட மாட்டாங்க."

"அது அச்சாகும்போது நீங்களும் பிள்ளை, அவங்களும் பிள்ளை. அதுக்கு ரெண்டு பேர் மேலயும் ஆசையும் இல்ல, கோபமும் இல்ல. அதைப் பார்த்துட்டு வாங்க. அது சொல்றதை வைப்போம்."

"எனக்குச் சம்மதம்."

"என்ன சொன்னாலும்?"

"என்ன சொல்லிரப் போகுது? என் பேரைத்தான் சொல்லும்."

திங்கட்கிழமை பெர்னதெத் கான்வென்ட்டுக்குப் போனாள். பழைய மாணவி என்று சொன்னதும் நூலகத்து சிஸ்டர் பீரோவைத் திறந்து எண்பத்தெட்டாம் வருடத்து மலரை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். பெர்னதெத் 'எங்கள் வெற்றிகள்' என்ற பக்கத்தை எடுத்து, நின்றுகொண்டே படித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, போனை எடுத்துப் படம் பிடித்தாள்.

சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். கட்டுரையை வீட்டிலேயே திருத்தியிருந்தாள். முதல் பரிசு வரி இல்லை. அந்த இடத்தில், 'மாவட்டச் சமையல் போட்டியில் கலந்துகொண்டார். பரிசு பெறவில்லை' என்று இருந்தது. கீழே சான்றாக ஆண்டு மலர், வருடம், பக்க எண், எல்லாம் களஞ்சியம் கேட்கிற ஒழுங்கில் இருந்தது. அவ்வளவு ஒழுங்காக அவள் எந்தக் குளத்துக்கும் சான்று கொடுத்ததில்லை.

"பாருங்க டீச்சர்," என்று போனை நீட்டினாள். "கலந்துகொண்டோர், ஜெ. கிளாடிஸ். முதல் பரிசாம், முதல் பரிசு."

இசக்கியம்மாள் படத்தைப் பார்த்தாள். "படம் ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்கு?"

"வேண்டியதை மட்டும் வெட்டி வச்சேன்."

"முழுப் பக்கம்?"

"அது எதுக்கு? கட்டுரை அவளைப் பத்தினதுதானே?"

"முதல் பரிசு யாருக்குன்னு போட்டிருக்கு?"

"ஏதோ ஒரு பிள்ளை பேரு."

இசக்கியம்மாள் கையை நீட்டினாள். நீட்டிய கையை எடுக்கவில்லை. பெர்னதெத் முழுப் படத்தை எடுத்து, போனை அந்தக் கையில் வைத்தாள்.

இசக்கியம்மாள் சத்தமில்லாமல் படித்தாள்.

'மாவட்டச் சமையல் போட்டி. முதல் பரிசு: எம். ஹாஜரா பீவி. கலந்துகொண்டோர்: ஜெ. கிளாடிஸ், அ. பெர்னதெத். மூவருக்கும் எவர்சில்வர் கிண்ணம் வழங்கப்பட்டது.'

"ஹாஜரா பீவி யாரு அக்கா?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"நல்லா சமைப்பாங்களோ?"

"அந்த ஒரு வருஷம்தான் எங்க கூடப் படிச்சா. எண்ணெய்க் கத்தரிக்கா வச்சா. காம்போட." சொல்லிவிட்டுப் பெர்னதெத் நிறுத்தினாள். அது தன் வாயிலிருந்து வந்ததை அவளே எதிர்பார்க்கவில்லை.

இசக்கியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் பெர்னதெத்தே பேச வேண்டியிருந்தது.

"ஆண்டு மலர்னா என்ன டீச்சர், பிள்ளைங்க தொகுத்தது. அச்சுப்பிழைக்குக் குறைச்சலா? சிஸ்டர்மாருக்கு மலையாளம்தான் நல்லா வரும், தமிழ் புரூஃபை யாரு பார்த்தா? என் பேரைத் தவறுதலா இங்க கொண்டுவந்து போட்டிருக்காங்க."

"கிளாடிஸ் பேரு?"

"அது சரியாத்தான் இருக்கு."

இசக்கியம்மாள் போனை மேசையில் வைத்து, இரண்டு விரல்களால் படத்தை விரித்தாள். மேல் வரி போயிற்று. கீழ் வரி போயிற்று. திரையில் ஒரு வரி மட்டும் நின்றது. அதில் இரண்டு பெயர்கள்.

போனைப் பெர்னதெத்தின் பக்கமாகத் திருப்பினாள்.

"ஒரே வரி, அக்கா. பிழை எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு விரலை வச்சுக் காட்டுங்க. அதுக்கு முன்னாடி இருக்கிறதை நாம வச்சுக்குவோம்."

பெர்னதெத் விரலை நீட்டினாள். அது திரைக்கு மேலேயே நின்றது.