சத்தியம் செய்த மாப்பிள்ளை

பிரான்சு தேசத்தில் ராஜாவை ஒழித்துக்கட்டிய கையோடு, கல்யாணத்தையும் பாதிரியாரிடமிருந்து பிடுங்கி நகரமன்றத்திடம் கொடுத்துவிட்டார்கள். மன்ற அதிகாரி முன்னால் கைப்பிடித்தால்தான் சட்டப்படி மனைவி. அதற்கு முன்பு மணமக்கள் இருவரின் ஊரிலும் மன்றக் கதவில் அறிவிப்பு ஒட்டுவார்கள்; ஆட்சேபம் உள்ளவர் வந்து சொல்லலாம். மாதாகோயில் கல்யாணம் அவரவர் மன ஆறுதலுக்கு. பல ஊர்களில் கோயில்களையே சில வருஷம் மூடிவைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஓடில் என்றொருத்தி அண்ணன் வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். அண்ணியின் ஏச்சுப் பேச்சிலிருந்து தப்ப அவளுக்கு இருந்த ஒரே வழி கல்யாணம். லூசியன் என்ற வெளியூர்க்காரன் பெண் கேட்டு வந்தான். பீப்பாய் செய்கிறவன், ஆளும் லட்சணம். கோயிலில் மட்டும்தான் கல்யாணம் என்பது அவன் நிபந்தனை.

"மன்றம் நாத்திகர் கூடாரம். அங்க நான் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்றான்.

எவ்வளவு பக்தி என்று அண்ணன் உருகிப்போனான். ஓடிலும் உருகித்தான் போனாள், வெள்ளிக்கிழமை வரும்வரை. பக்தர்கள் இறைச்சி தொடாத அந்த நாளில், சந்தைக் கடையில் அவன் பன்றிக்கறியை வெளுத்துக்கட்டுவதைப் பார்த்துவிட்டாள். "எங்க ஊர்க் கோயில்ல போன வருஷம் வரைக்கும் பூசை ஏது? வைக்கோல்தான் அடைச்சிருந்தாங்க" என்று அவன் சொல்லியிருந்ததும் அவளுக்குள் உறுத்தியது.

பக்தி வேஷம் என்றால் எதையோ மறைக்கிறான், ஊரில் ஒரு மனைவி இருப்பாளோ என்று ஓடில் போய்ப் பாதிரியாரிடம் முறையிட்டாள். அவர் லூசியனைச் சிலுவை தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னார்.

"எந்தப் பாதிரியார் முன்னாலயும் நான் இன்னொருத்தி கையைப் பிடிச்சதில்ல, சாமி." கண் இமைக்காமல் சொன்னான்.

எல்லோருக்கும் நிம்மதி. ஓடில் மட்டும் விடவில்லை.

"காலையில மன்றம், அப்புறம் கோயில். இல்லாட்டி இந்தக் கல்யாணமே வேண்டாம்."

லூசியன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனவன்தான், திரும்பவில்லை.

"வந்த வரனை விரட்டிட்டியே" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். சத்தியத்தை நம்பாதது பாவம் என்றார் பாதிரியார். ஓடில் மாட்டுக்கொட்டகைக்குள் போய் வாய்விட்டு அழுதாள்.

லூசியன் சத்தியத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அப்படியானால் நம்பச் சொன்னவர்கள் சரியா, நம்பாத ஓடில் சரியா?

விடை: ஓடில்தான். கோயிலில் வைக்கோல் கிடந்த காலத்தில் அவன் ஊரில் கல்யாணம் செய்தவர்கள் மன்றத்தில் மட்டுமே செய்திருக்க முடியும். பாதிரியார் முன்னால் கை பிடிக்காதவன் அதிகாரி முன்னால் பிடித்திருந்தான். மன்றக் கல்யாணத்தைக் கணக்கில் எடுக்காத கோயில் அவனைப் பிரம்மச்சாரி என்று சொல்லும். அவன் ஊர் மன்றக் கதவில் அறிவிப்பு ஒட்டினால் குட்டு உடைந்துவிடும். அடுத்த கோடையில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் லூசியனை விசாரித்துக்கொண்டு வந்தாள். ஓடில் அவளை உட்காரவைத்து, குழந்தைக்குப் பால் காய்ச்சினாள்.