மகாராஜாவின் வயிற்றுக்கு ஆகாதது எது?

முன்னொரு காலத்தில், எந்தச் சீமை என்று மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள், மகுடேஸ்வரர் என்று ஒரு ராஜா இருந்தார். அவருக்குப் பகைவர் பயம் கிடையாது, பஞ்ச பயம் கிடையாது. வயிற்று உப்புசம் ஒன்றுதான் தீராத தொல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் வயிறு தம்மென்று உப்பும், இடுப்புக் கச்சை இறுகும், பிறகு "ஏ...வ்" என்று ஒரு ஏப்பம் வரும் பாருங்கள், கோட்டைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் புறாவெல்லாம் பறந்துவிடும். சபையில் இருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "ஆகா, இடி இடிக்கிறது! இந்த வருஷம் நல்ல மழை!" என்று கைகூப்புவார்கள்.

அரண்மனை வைத்தியர் மருதாசலனார் ஒருநாள் எழுந்தார். "மன்னா, தாங்கள் உண்பவற்றுள் ஏதோ ஒன்று தங்கள் திருவயிற்றுக்குப் பகை. அடியேன் சோதித்து அறிவேன்" என்றார்.

சோதனை என்ன தெரியுமா? ராஜாவின் இடது கையில் ஒரு கத்தரிக்காயைக் கொடுத்தார். வலது கையை நீட்டச் சொன்னார். நீட்டிய கையைத் தன் கையால் ஓர் அழுத்து அழுத்தினார். கை தொப்பென்று கீழே போனது. "பகை!" என்றார். அவ்வளவுதான், கத்தரிக்காய் தள்ளுபடி. ராஜாவுக்கு ஆகாதது நாட்டுக்கும் ஆகாது என்று பறையறைந்துவிட்டார்கள். பாவம், தோட்டக்காரர்கள் கூடை கூடையாகக் கத்தரிக்காயை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பக்கத்து நாட்டில் அந்த மாசம் முழுக்க எண்ணெய்க் கத்தரிக்காய்தான்.

ஏப்பம் நின்றதா? அதுதான் இல்லை. மறுவாரம் துவரம்பருப்பு போனது. பிறகு பால் போனது, தயிர் போனது, வாழைக்காய் போனது, புளி போனது. நான்கு மாசத்தில் ராஜாவின் இலையில் மிஞ்சியது சுடுசோறும் உப்பும். அந்த உப்பின் மேலும் வைத்தியருக்கு ஒரு கண்.

இதையெல்லாம் பார்த்து வயிறெரிந்தவன் விகடன் சடையாண்டி. சபையில் ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. அவன் மனைவி பூங்காவனம்தான் மடைப்பள்ளித் தலைவி, அரண்மனைச் சமையல் முழுக்க அவள் கையில். அவள் வைக்கிற புளிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு விரலைச் சப்பாதவர் கிடையாது. இப்போது புளியும் இல்லை, குழம்பும் இல்லை. சடையாண்டி எப்படிச் சிரிப்பான்?

ஒருநாள் ஒரு மண்சட்டியைத் துணியால் வாய்கட்டிக்கொண்டு சபைக்கு வந்தான். "வைத்தியரே, இதற்குள் இருப்பது மகாராஜாவுக்கு ஆகுமா என்று சோதியுங்கள்."

"உள்ளே இருப்பது யாது?"

"அதை மகாராஜாவின் கை சொல்லட்டுமே. நாம் எதற்குக் குறுக்கே?"

வைத்தியர் சட்டியை மோந்து பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சட்டியை ராஜாவின் இடது கையில் வைத்து, வலது கையில் ஓங்கி ஓர் அழுத்து. கை தொப்பென்று விழுந்தது. "கொடும்பகை! மன்னர் இதைக் கண்ணாலும் காணலாகாது!" என்றார். சடையாண்டி துணியை அவிழ்த்தான். உள்ளே வைத்தியர் தாமே தினம் ராஜாவுக்குக் கொடுக்கும் செரிமான உருண்டைகள்!

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரிக்க வாயைத் திறந்தார், சிரிப்புக்கு முன்னால் ஏப்பம் வந்துவிட்டது. அதில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

வைத்தியர் விடுவாரா? முகம் கறுத்துப்போய், "மன்னா, உணவில் குற்றமில்லையேல் சமைக்கும் கையில் குற்றம். மடைப்பள்ளித் தலைவியை ஆற்றுக்கு அக்கரை அனுப்பிவிடுங்கள், எல்லாம் சரியாகும்" என்று பற்றவைத்தார்.

சடையாண்டி ராஜாவின் காலில் விழுந்து தவணை கேட்டான்.

ராஜா சொன்னார்: "பத்து நாள் தருகிறோம். எமது உண்ணும் கூடத்தில் யாம் உண்ணும் வேளையில் உள்ளவற்றை, நாளுக்கு ஒன்றாக நீக்கிப் பார். எதை நீக்கியபின் எம் வயிறு அடங்குகிறதோ அதுவே குற்றவாளி. எதை நீக்கினாலும் தடுக்கமாட்டோம். தவறினால் உன் மனைவி அக்கரைக்குப் போவாள்."

வைத்தியர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். இலையில் இருப்பதே சோறும் உப்பும். உப்பை எடுத்தால் ஒருநாள் ஓடும். சோற்றை எடுத்தால் ராஜா பட்டினி, விகடன் தலை தரையில்!

வீட்டுக்குப் போனால் பூங்காவனம் அகப்பையும் கையுமாக நின்றாள். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் ஓயவில்லை. "ஏங்க, அதே பானைச் சோத்தைத்தான் நானும் திங்கிறேன், நீங்களும் திங்கிறீங்க. உங்களுக்கு ஏப்பம் வருதா? எனக்கு வருதா? உங்க வாய்க்கொழுப்புக்கு நான் ஆத்தைத் தாண்டணுமா?"

"அழாதே பூங்காவனம். நீ அக்கரைக்குப் போனால் நானும் பின்னாலேயே வந்துவிடுவேன்."

"அங்கேயும் வந்து என் உயிரை எடுக்கவா?" என்றாள். ஆனாலும் சிரித்துவிட்டாள்.

சடையாண்டி சிரிக்கவில்லை. அதே பானைச் சோறு! அப்படியானால் பானைக்கு வெளியேதான் ஏதோ இருக்கிறது.

மறுநாள் ராஜா சாப்பிடுவதைத் தூண் ஓரமாக நின்று பார்த்தான். அந்த வம்சத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ராஜா உண்ணும்போது அவருடைய பட்டப்பெயர் நூற்றெட்டும் முழங்க வேண்டும். முழங்குகிறவர் செவ்வந்திநாதப் புலவர், வைத்தியரின் மைத்துனர். பட்டம் காதில் விழுந்தால் ராஜா மெல்லக் கூடாது. வாயில் இருப்பதை அப்படியே விழுங்கி, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை இழுத்து அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

"மலை பிளந்த மார்ப!" மளக், ஒரு கவளம் உள்ளே. "ஹூம்ம்", ஒரு மூச்சுக் காற்று உள்ளே. "கடல் நடுங்கும் கண்ண!" மளக், ஹூம்ம். இப்படி நூற்றெட்டு!

சடையாண்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டான். ஆனால் சொல்லவா முடியும்? "புகழ் உமக்கு ஆகாது" என்று ராஜாவிடம் சொல்கிறவன் கழுத்து எத்தனை நாழிகை தங்கும்? ராஜாவின் சொல்லையே ராஜாவிடம் திருப்பிவிடுவதுதான் வழி.

முதல் நாள் கூடத்திலிருந்து மணையை எடுத்தான். ராஜா வெறுந்தரையில் உட்கார்ந்தார். ஏப்பம். இரண்டாம் நாள் விளக்கை எடுத்தான், இருட்டில் ராஜா சோற்றை மூக்கில் வைத்துக்கொண்டார். ஏப்பம். அப்புறம் விசிறி, திரைச்சீலை, தண்ணீர்க் கிண்டி, கிளிக்கூண்டு என்று தினம் ஒன்றாக நகர்ந்தது. "என்னடா இது கூத்து?" என்றார் ராஜா. "கூடத்தில் உள்ளவை என்று தாங்கள்தானே கட்டளையிட்டீர்கள்?" என்றான். எட்டாம் நாள் வாயிற்காவலன் போனான். வைத்தியர் நாளை எண்ணிக்கொண்டே தாம்பூலம் மென்றார்.

ஒன்பதாம் நாள் சடையாண்டி நேரே போய்ப் புலவரின் கையைப் பிடித்தான். "வாருங்கள் புலவரே, இன்று உங்கள் முறை."

கூடம் நிசப்தமானது. ராஜா ஒரு வாய் வைத்தார். வழக்கம்போல விழுங்கப் பார்த்தார், பட்டம் எதுவும் வரவில்லை. வேறு வழியில்லாமல் மென்றார். மெதுவாக, இன்னும் மெதுவாக. அன்று சாயங்காலம்வரை கோட்டைப் புறாக்கள் இடத்தைவிட்டு அசையவில்லை.

பத்தாம் நாள் சடையாண்டி, "தள்ளுபடி செய்ததெல்லாம் இலைக்கு வரட்டும்" என்றான். கத்தரிக்காய் வந்தது, பருப்பு வந்தது, தயிர் வந்தது, பூங்காவனத்தின் புளிக்குழம்பு மணத்துக்கொண்டு வந்தது. ராஜா கண்ணில் நீர் வழியத் தின்றார். வயிறு கச்சைக்குள் சமர்த்தாக இருந்தது.

வைத்தியருக்குப் பொறுக்கவில்லை. "மன்னா, இது தற்செயல்! செய்யுள் காதில் புகும், வயிற்றில் எப்படிப் புகும்?"

"சோதித்துவிடலாமே" என்றான் சடையாண்டி. "வைத்தியருக்கு ஓர் இலை போடுங்கள். வெளியே நிற்கும் புலவரே, உள்ளே வந்து உங்கள் மைத்துனரைக் கொஞ்சம் புகழுங்கள்."

வைத்தியர் உட்கார்ந்தார், நிதானமாகவே மெல்லத் தொடங்கினார். புலவர் குரலெடுத்தார். "பிணியோட்டும் பெம்மானே!" வைத்தியரின் தாடை நின்றது. "எமனை ஏய்த்த ஏந்தலே!" மார்பு நிமிர்ந்தது. மளக். "மூலிகைக் கடலே!" ஹூம்ம். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, புகழ்ச்சி கேட்டதும் உடம்பு தானாகவே நிமிர்ந்தது, அவருக்கே தெரியவில்லை. முப்பதாவது பட்டத்தில் கண் பிதுங்கியது. நாற்பதாவதில் எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஏ...வ்!"

கோட்டைச் சுவரில் ஒரு புறா மிச்சமில்லை.

"ஆகா, இடி!" என்று பழக்கதோஷத்தில் கைகூப்பினார் புலவர்.

ராஜா சிரித்தார் ஐயா, அப்படிச் சிரித்தார்! இலையில் சாய்ந்து, தூணைப் பிடித்து, விக்கி, கண்ணைத் துடைத்து மறுபடியும் சிரித்தார். "சடையாண்டி, எம் வயிற்றுக்கு ஆகாதது எம் பெருமைதான் என்று எம் வாயாலேயே சொல்லவைத்துவிட்டாயே!" என்று தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். பூங்காவனத்துக்கு மடைப்பள்ளி ஆயுசுக்கும் சாசனமானது. பட்டங்களை இனிமேல் கை கழுவிய பிறகு சொன்னால் போதும் என்று உத்தரவாயிற்று. கத்தரிக்காய் வேறு மேளதாளத்தோடு எல்லை தாண்டித் திரும்பி வந்தது.

பூங்காவனம் அகப்பையோடு கூடத்துக்கு வந்தாள். "மகாராஜா, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா?" என்று கேட்டாள்.

உலகமே நடுங்கும் அந்த ராஜா பதில் சொல்லவில்லை. வாயில் சோறு இருந்தது. மென்று முடிக்கிறவரைக்கும் கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினார்.

அவர் வயிறு குளிர்ந்தது, கேட்ட உங்கள் வயிறும் குளிரட்டும்.