நாய் என்று சொன்னால் கோபம்

ஒரு விடுகதை போடுகிறேன். விடை தெரிந்தவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருங்கள், மற்றவர்களும் யோசிக்கட்டும்.

பூனை மாதிரி பாதத்தை நக்கி முகம் கழுவும், பூனை இல்லை. ஆடு மாதிரி மதில்மேல் ஏறி நிற்கும், ஆடு இல்லை. நாய்க்குத்தான் பிறந்தது, ஆனால் நாய் என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். அது என்ன?

அதுதான் சுமிரே.

ஜப்பானில், ஒரு மலையடிவாரத்தில், குளமும் மதிலும் உள்ள பெரிய வீட்டில் சுமிரே இருந்தது. சின் என்ற ஜாதி. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டுப்போன்ற முடி, தட்டை மூக்கு, மடியில் அடங்கும் உடம்பு. அந்தக் காலத்தில் அங்கே, "நாய் வேறு, சின் வேறு" என்றுதான் பேசுவார்கள். நாய் வாசலில் கிடக்கும். சின் எஜமானியின் மடியில் இருக்கும். சுமிரே இதை நம்பியதோடு நிற்காமல், நாளுக்கு ஒரு தடவையாவது எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியும் காட்டும்.

வாசலில் கிடந்தது மஷிரோ. அது ஸ்பிட்ஸ் ஜாதி, முழு வெள்ளை. சேற்றில் புரண்டாலும், காய்ந்தபின் ஒரு உதறு உதறினால் மறுபடி வெள்ளை. அது தொண்டையைத் திறந்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

குளத்தின் நடுவே சின்னத் தீவு. அதில் வடக்கேயிருந்து வந்த காட்டு வாத்துகளில் ஒரு ஜோடி. ஆண் வாத்துக்கு ஒரு சிறகு ஒடிந்திருந்தது. மற்ற வாத்துகள் எல்லாம் வசந்தத்தில் வடக்கே பறந்துபோனபோது, பெண் வாத்து மட்டும் போகவில்லை. "இவரை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?" என்று தங்கிவிட்டது.

கோடையில் பயமில்லை, தண்ணீர் காவல். குளிர்காலத்தில் குளம் உறைந்துவிடும். உறைந்த குளத்தில் நரி நடந்து வரும்.

அதனால் ஓர் ஏற்பாடு இருந்தது. சுமிரே மதில்மேல் உட்கார்ந்து குளம் முழுவதையும் பார்க்கும். நரி பனிக்கட்டியில் கால் வைத்ததும், நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றும். சின்களுக்கு மனம் துள்ளினால் அப்படிச் சுற்றுவது பழக்கம். ஆனால் குரைக்காது. "குரைப்பது நாய்களின் வேலை" என்பது சுமிரேயின் கட்சி. வாசலில் இருந்த மஷிரோவுக்கு நாணல் மறைப்பதால் குளம் தெரியாது. மதில்மேல் சுற்றும் சுமிரே தெரியும். உடனே மஷிரோ குரைக்கும். தோட்டக்காரர் மூங்கில் கழியோடு ஓடிவருவார். அந்த மார்கழியில் மட்டும் நரி மூன்று முறை வந்து மூன்று முறையும் வெறும் வயிற்றோடு திரும்பியது.

சுமிரேயின் குட்டி அசுகிக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடிக்கும். அம்மாவோடு மதில்மேல் கொஞ்ச நேரம், "மாமா, மாமா" என்று மஷிரோவோடு கொஞ்ச நேரம், வாத்துகளோடு கொஞ்ச நேரம்.

ஒரு நாள் மதியம் மதிலுக்கு வெளியே நரி வந்து நின்றது.

"வணக்கம், சீமாட்டி. பனிக்கட்டியில் நான் கால் வைக்கவில்லை, பாருங்கள்."

"தெரிகிறது. அதனால்தான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்."

"ஒரு சின்னச் சந்தேகம். உங்களுக்கு எந்த ஊர்?"

"ஏன் கேட்கிறாய்?"

"வாசலில் இருப்பவர் ஒன்று சொன்னார். 'அது கடல் தாண்டி வந்த சரக்கு. சீமாட்டிகள் அகலமான சட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு திரிவதற்காக வளர்த்த பொம்மை' என்றார். நான் நம்பவில்லை. சரி, வருகிறேன்."

சுமிரேவுக்குக் காது நுனிவரை சூடேறியது. எப்போது சொன்னது, நரியிடம் ஏன் சொன்னது என்றெல்லாம் அது யோசிக்கவில்லை. மதிலிலிருந்து குதித்து நேரே வாசலுக்குப் போனது. அசுகி பின்னாலேயே ஓடியது.

"என்னைப் பற்றி என்ன சொன்னாய்?" என்றது சுமிரே.

மஷிரோவும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தது. "நீ என்ன சொன்னாய் என்பதை முதலில் சொல். செருப்புப் பக்கத்தில் கிடக்கிற ஜென்மம், பாட்டன் யார் என்று தெரியாதது என்றாயாமே?"

அந்த வார்த்தைகளைச் சுமிரே ஒருபோதும் சொன்னதில்லை. பலமுறை நினைத்ததுண்டு. அதனால் இல்லை என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை.

"தெரியாதுதானே? என் முன்னோர்கள் கொரிய அரசர் அனுப்பிய பரிசு. பட்டில் சுற்றிக் கப்பலில் வந்தவர்கள்."

"போன வாரம் சீனத்துத் துறவிகள் கொண்டுவந்தார்கள் என்றாய். அதற்கு முந்தின வாரம் இதே ஊர்க்காரி என்றாய். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள், அம்மணி."

"நீ வடக்குப் பனிக்காட்டு வெள்ளை நாய்களின் வாரிசு. நேற்று வந்த கூட்டம். இந்த வீட்டுத் தூசி உன்னைவிடப் பழசு."

"நேற்று வந்தாலும் நாயாக வந்தோம், நாயாக இருக்கிறோம். உன்னை மாதிரி பாதிப் பூனையாகிவிடவில்லை. இனி உன் வாயாலேயே குரைத்துக்கொள்."

"நீ உன் கண்ணாலேயே பார்த்துக்கொள்."

"நீ சுற்றினாலும் நான் திரும்ப மாட்டேன்."

"திரும்பு என்று உன்னைக் கெஞ்சவும் மாட்டேன்."

அசுகி இருவர் முகத்தையும் பார்த்தது. "அப்படியென்றால் வாத்துகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

சுமிரே குட்டியைப் பிடரியில் கவ்வி உள்ளே தூக்கிப்போனது. "இனி அந்த நாயிடம் போகக்கூடாது."

"மாமாவிடமா?"

"மாமா இல்லை. நாய்."

மறுநாள் காலை, பனிமூட்டம் விலகும் நேரம். சுமிரே வழக்கம்போல் மதில்மேல் ஏறியது. காவலுக்கு அல்ல, வெயில் காய என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. வாசலில் மஷிரோ மதிலுக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

நரி பனிக்கட்டியில் கால் வைத்தது. ஓடவில்லை, பதுங்கவில்லை. தன் சொந்த முற்றத்தில் நடப்பதுபோல் நடந்து வந்தது.

சுமிரே சுற்றியது. நகங்கள் கல்லில் கீறும் சத்தம் கேட்டது. மஷிரோவின் காது ஆடியது. தலை திரும்பவில்லை.

'கேட்கிறது. கேட்டும் திரும்பவில்லை. திமிர்' என்று நினைத்தபடி சுமிரே மறுபடி சுற்றியது. மூன்று, நான்கு, ஐந்து. வாயைத் திறந்து குரைத்தால் போதும். 'குரைத்தால் அது ஜெயித்துவிடும்.' ஆறு, ஏழு.

நரி தீவில் ஏறியது. பறக்க முடியாத ஆண் வாத்து பாறையோடு ஒடுங்கியது. பறக்க முடிந்த பெண் வாத்து பறக்கவில்லை. இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றது.

அப்போதுதான் சுமிரேயின் வாய் திறந்தது. பழக்கமில்லாத தொண்டை. கதவுக் கீல் கிறீச்சிடுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"யாரது, நாய் மாதிரி குரைப்பது?" என்று சிரித்துக்கொண்டே மஷிரோ திரும்பியது. சுமிரேயின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நாணலைக் கிழித்துக்கொண்டு ஓடி, தொண்டை கிழியக் குரைத்தது. தோட்டக்காரர் கழியோடு வந்தார். அதற்குள் நரி எதிர்க்கரையில் இருந்தது. அதன் வாயில் பெண் வாத்து இருந்தது.

பனிக்கட்டிமேல் சில இறகுகள் மட்டும் கிடந்தன.

"முதல் சுற்றிலேயே நீ திரும்பியிருக்க வேண்டும்," என்றது சுமிரே.

"நீ முதலிலேயே குரைத்திருக்க வேண்டும். ஏழு தரம் சுற்றினாய். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்."

"எண்ணினாயா? உட்கார்ந்து எண்ணினாயா?"

"நரியிடம் என்னைப் பற்றிப் பேசியவள்தானே நீ?"

சுமிரே திகைத்தது. "நரியா உன்னிடம் சொன்னது? எப்போது வந்தது?"

"நேற்றுக் காலை. ஏன், உன்னிடமும் வந்ததா?"

"நேற்று மதியம்."

இரண்டும் எதிர்க்கரையைத் திரும்பிப் பார்த்தன. ஆண் வாத்து பனிக்கட்டியில் சறுக்கிச் சறுக்கி நடந்து வந்து அவற்றின் எதிரே நின்றது. அதன் குரல் உயரவில்லை.

"நானும் அவளும் கடல் தாண்டித்தான் வந்தோம். நீங்கள் இரண்டு பேரும் கடல் தாண்டி வந்த வம்சம்தான். உங்கள் பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார் என்று அவள் ஒரு நாளாவது கேட்டாளா? இந்த மலையில் ஆதியிலிருந்து இருப்பது யார் தெரியுமா? அந்த நரி. பூர்வீகம்தான் பெரிதென்றால், நாளைக்கு அதைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் மெத்தை போடுங்கள்."

சொல்லிவிட்டு அது தீவுக்குத் திரும்பியது. இரண்டும் தலை குனிந்து நின்றன. கொஞ்ச நேரம்தான்.

"இருந்தாலும் நீ என்னை அப்படித்தான் நினைத்தாய்," என்றது மஷிரோ மெல்ல.

"நீயும்தான்," என்றது சுமிரே. அதன் கோபம் இன்னும் ஆறவில்லை. யார்மேல் கோபம் என்றுதான் அதற்கே புரியவில்லை.

அடுத்த நாளும் குளம் உறைந்தே கிடந்தது. சுமிரே மதில்மேல் ஏறி, "அசுகி, இங்கே வா. நீ சின். மேலே வந்து உட்கார்," என்றது. வாசலிலிருந்து மஷிரோ, "குட்டி, என்னிடம் வா. உனக்குக் குரைக்கக் கற்றுத் தருகிறேன்," என்றது. இருவர் குரலிலும் பிடிவாதம் இருந்தது.

காவலுக்கு நிற்பவர்கள் ஒருவர் பிறப்பை ஒருவர் தோண்டிக்கொண்டிருந்தால், அவர்களை நம்பியிருக்கும் உயிர்தான் முதலில் சாகும்.

அசுகி பனிக்கட்டிமேல் நடந்து தீவுக்குப் போனது. தனியாக இருந்த வாத்தின் பக்கத்தில் படுத்துக்கொண்டது.