ஹீட்டர் போட்டால் வரும் வாசம்

ஞானம் பெற்றவர்கள் மலை உச்சியில் அமர்ந்திருப்பார்கள் என்று உலகம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. இது பிழை. உச்சியை எட்டிவிட்ட வண்டியில் கோளாறு இருப்பதில்லை. கோளாறுள்ள வண்டி பாதி வழியிலேயே நின்றுவிடும். ஆகவே ஞானமும் பாதி வழியில்தான் கடை போட்டாக வேண்டும்.

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் சாலையில், ஏறக்குறைய பாதி வழியில், மணிமொழியின் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை இருந்தது. அவளுக்கு வயது முப்பத்திரண்டு. அவள் முன் வந்து நின்ற வேன் டிரைவர் போஜனுக்கு ஐம்பத்தாறு.

"அம்மிணி, வண்டி எரியுது" என்றார் போஜன்.

மணிமொழி எட்டிப் பார்த்தாள். வண்டி எரியவில்லை.

"இப்ப இல்ல. ஹீட்டர் போட்டா. காத்து வர்ற ஓட்டையில கருகின வாசம் வருது."

"போடாம ஓட்டுங்க."

"நேத்து அப்படித்தான் ஓட்டினேன். கண்ணாடி பூரா ஆவி படிஞ்சிருச்சு. எதிர்ல வந்த பஸ்ஸை, அவன் ஹாரன் அடிச்ச பிறகுதான் பார்த்தேன். பின்னாடி எட்டு நர்ஸுங்க."

அந்த எட்டுப் பேரையும் காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஊட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்குவது போஜனின் வேலை. ஒன்பது வருடமாக வண்டியில் ஒரு கீறல் விழாமல் இறக்கியிருக்கிறார். இப்போது ஹீட்டர் போட்டால் தீ. போடாவிட்டால் பள்ளம். இரண்டு வாரமாக அவர் சரியாகத் தூங்கவில்லை.

"வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"மூணு பேர்கிட்ட காட்டியாச்சு. ஒருத்தர் வயரை மாத்தினார். ஒருத்தர் ஃபியூஸை மாத்தினார். மூணாவது ஆள் வண்டியையே மாத்தச் சொல்றார்."

"என்ன வாசம்?"

"எரியற வாசம்தான்."

"எது எரியற வாசம்?"

"வயர்தான். வேற என்ன?"

"அது மெக்கானிக் சொன்னது. உங்க மூக்கு என்ன சொல்லுச்சு?"

போஜன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இந்த விஷயத்தில் அதைக் கலந்து பேசியதாக அவருக்கு நினைவில்லை.

"நாளைக்கு வாங்கண்ணா" என்றாள் மணிமொழி.

மறுநாள் வந்தார்.

"இனிப்பா இல்ல, அம்மிணி."

"இனிப்பா இருந்தா ரேடியேட்டர் தண்ணி ஒழுகுதுன்னு அர்த்தம். அப்புறம்?"

"ரப்பர் இல்ல. ஆயில் இல்ல. பிளாஸ்டிக்கும் இல்ல."

"இல்லாததெல்லாம் சொல்லிட்டீங்க. இருக்கறது என்ன?"

"தெரியல."

"நாளைக்கு வாங்க."

போஜனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ இன்னும் வண்டியைத் தொடவே இல்லையே, அம்மிணி!"

"அதான் மூணு பேர் தொட்டுட்டாங்களே."

மூன்றாம் நாள் காலை, ஒரு வளைவு தாண்டியதும் போஜன் வேனை ஓரமாக நிறுத்தினார். ஹீட்டரைப் போட்டார். ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து, காற்று வரும் துளையில் மூக்கை வைத்தார். எழவில்லை.

முன் சீட்டில் இருந்த நர்ஸ் கிரேஸி முதலில் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணா, தீப்பிடிக்கறதுன்னா ஆஸ்பத்திரி வாசல்ல போய்ப் பிடிக்கட்டும். எங்களுக்கு நடக்கற வேலை மிச்சம்."

பின்னால் ஏழு பேரும் சிரித்தார்கள். ஜன்னல்களை மட்டும் யாரும் மூடவில்லை.

அவர்களை இறக்கிவிட்டு நேராகக் கடைக்கு வந்தார் போஜன்.

"கோயிலுக்குப் பின்னாடி குப்பையைக் கொளுத்துவாங்களே. அந்த வாசம்."

மணிமொழி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "என்ன குப்பை?"

"என்ன பெரிய குப்பை. வாழையிலை, தேங்கா நார், காஞ்ச..."

நிறுத்திக்கொண்டார்.

மெதுவாகத் திரும்பி வேனைப் பார்த்தார். டேஷ்போர்டின் மேல் பிள்ளையார். பிள்ளையாரின் மேல் சாமந்தி. சாமந்திக்குக் கீழே, முன் கண்ணாடியை ஒட்டி, காற்று வருவதற்கென்று வரிசையாக ஓட்டைகள்.

"முன்னெல்லாம் எத்தனை முழம் வைப்பீங்க?" என்றாள் மணிமொழி.

"ஒரு முழம்."

"வாசம் வர ஆரம்பிச்சதும்?"

"பயமா இருந்துச்சு. ரெண்டு முழமாக்கினேன்."

"வாசம் குறைஞ்சுதா?"

"கூடுச்சு."

"அப்புறம்?"

போஜன் மூன்று விரல்களைக் காட்டினார்.

மணிமொழி ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினாள். பத்து நிமிடத்தில் ஹீட்டர் பெட்டியின் மூடி கழன்றது. ஃபேனின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பிச் சுருள், ஓட ஓடப் பழுக்கச் சூடாகும் சுருள், உள்ளே இருந்தது. அதைச் சுற்றி இரண்டு கைப்பிடி இதழ்கள். அடியில் இருந்தவை கரி. நடுவில் இருந்தவை பழுப்பு. மேலே அன்று காலை விழுந்தவை மஞ்சள் மாறாமல் இருந்தன.

எல்லாவற்றையும் ஒரு செய்தித்தாளில் அள்ளி வைத்தாள். கம்பிச் சுருளைத் துடைத்து மூடியைப் பூட்டினாள்.

போஜன் அந்த இதழ்களைக் கால் படாத இடமாகத் தள்ளி வைத்தார்.

"சாமிக்குப் போட்டதும்மா இது."

"தெரியுதுங்கண்ணா."

"அப்ப, இனிமே அவருக்குப் பூவே வைக்கக் கூடாதா?"

மணிமொழி கையைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளையார் மேலிருந்த மூன்று முழச் சாமந்தியை மெதுவாகக் கழற்றினாள். இரண்டு வாரமாகப் பூவுக்குள் புதைந்து கிடந்த தும்பிக்கை வெளியே வந்தது.

"அவருக்கும் மூக்கு இருக்குங்கண்ணா" என்றாள். "உங்களுதைவிட நீளம்."

மறுநாள் காலை ஹீட்டர் போட்டதும் வெறும் வெதுவெதுப்பு மட்டும் வந்தது. நர்ஸ்கள் ஒவ்வொருவராக ஜன்னலை மூடினார்கள். பாதி மலை ஏறுவதற்குள் எட்டுப் பேரும் தூங்கிவிட்டார்கள். ஐந்தே முக்காலுக்கே ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்திய போஜனுக்கு எழுப்ப மனம் வரவில்லை.

அன்றைய வருகைப் பதிவேட்டில் எட்டுப் பெயர்களுக்கு எதிரேயும் 'தாமதம்' என்று எழுதப்பட்டது.