ஒரே சாவி

"இந்தச் சாவியை யார் கையில குடுப்பேன் அம்மா?"

உட்காருவதற்கு முன்பே ஆவுடையப்பன் கேட்டுவிட்டார்.

மடத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மொதல்ல உக்காருங்க அண்ணாச்சி."

ஆவுடையப்பனுக்கு எழுபதை நெருங்குகிற வயது. மடத்தம்மாவுக்கு நாற்பது இருக்கலாம். தன்னைவிடச் சின்னவரிடம் போய் ஞானம் கேட்பதில் அவருக்கு ஆரம்பத்தில் கூச்சம் இருந்தது. பழசுக்கு மட்டுமே மரியாதை கொடுத்துப் பழகிய ஆள். குரு புதுசு என்றாலும் மடம் பழசுதானே என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டுதான் முதல் தடவை படியேறினார்.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பழங்கட்டடக் காப்பு அறக்கட்டளைக்கு அவர் தலைவர். அறக்கட்டளை இதுவரை காப்பாற்றியது ஒரே ஒரு கட்டடம். யாத்திரை போகிறவர்கள் தங்குவதற்காக எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் கட்டிவைத்த சத்திரம்.

இடிக்க வந்த இயந்திரத்துக்கு முன்னால் படுத்து அதைத் தடுத்தவர் ஆவுடையப்பன். அதை ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே ஒரு ஈ காக்காயை உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். அதையும் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து முன்னால் வைத்தார். முழு இரும்பு. உள்ளங்கையைவிட நீளம்.

"டாக்டர் அலையக் கூடாதுன்னுட்டாரு. நெஞ்சுல அடைப்பாம். நான் இருக்கும்போதே ஒருத்தர் கையில ஒப்படைக்கணும். ஆளத்தான் காணோம்."

"உங்க அறக்கட்டளையிலயே கொம்பையா இருக்காரே?"

"அவரு தாசில்தாரா இருந்தவரு. சுவத்தைக் கண்டாப் போதும், ஆணி அடிச்சுக் காலண்டர் மாட்டணும் அவருக்கு."

"மைதீன் பிச்சை?"

"டைல்ஸ் கடை வச்சிருக்காரு அம்மா. சத்திரத்துத் தரையைப் பாக்கும்போதெல்லாம் கண்ணாலயே அளவெடுக்காரு."

"செயலாளரா இருக்கே ஒரு பொண்ணு, அது?"

"ஜெபசெல்வியா? நல்ல பொண்ணுதான். ஆனா போன கூட்டத்துல என்ன சொன்னா தெரியுமா?"

"என்ன சொன்னா?"

"இதுக்கு ஒரு நகல் சாவி போட்டு வச்சிக்கிடலாம்னு சொல்லுதா."

"போட்டா என்ன?"

ஆவுடையப்பன் நிஜமாகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அது மாங்காய்ப் பூட்டு அம்மா. சத்திரம் கட்டின காலத்துப் பூட்டு. பூட்டும் அசல், சாவியும் அசல். ரெண்டும் ஒரே கொல்லன் கை. அதுல போய் நேத்து செஞ்ச சாவியை விட்டா என்ன ஆவும்?"

"திறக்கும்," என்றார் மடத்தம்மா.

ஆவுடையப்பன் சாவியை எடுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். இந்த அம்மாவுக்கும் விளங்கவில்லை என்று வருத்தமாக இருந்தது.

அப்போது மழை பிடித்தது.

ஐப்பசி மழை. தூறல், சாரல் என்ற முன்னறிவிப்பெல்லாம் அதற்குக் கிடையாது.

அவர் பதறி எழுந்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார் மடத்தம்மா.

"முற்றம் அம்மா! முற்றம்!"

சத்திரத்தின் நடுவில் திறந்த முற்றம். அதன் மூலையில் தண்ணீர் வெளியே போக ஒரு துவாரம். பக்கத்துப் புன்னை மரத்து இலைகள் விழுந்து அதை அடைத்துக்கொள்ளும். மழை வந்தால் ஆவுடையப்பன்தான் கம்போடு ஓடிப்போய்க் குத்திவிடுவார். வேறு யாரையும் விடமாட்டார். கம்பு படக் கூடாத இடத்தில் பட்டுவிடும் என்பார். துவாரம் அடைபட்டுத் தண்ணீர் தேங்கினால் சுவர் ஊறும். மேலச்சுவர் ஏற்கெனவே முட்டுக் கொடுத்துத்தான் நிற்கிறது.

குடையை விரித்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினார். மடத்தம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் போனார்.

தரைப்பாலத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே மலையில் முன்கூட்டியே பெய்திருக்கிறது.

அக்கரையில், தென்னைகளுக்கு நடுவே, சத்திரத்து ஓட்டுக்கூரை மங்கலாகத் தெரிந்தது.

"வேற வழி?" என்று கேட்டார் மடத்தம்மா.

"பெரிய பாலம் சுத்திப் போகணும். பஸ்ஸு காலையிலதான்."

"அங்க இருக்கவங்க உள்ள போக முடியாதா?"

"சன்னலுக்கெல்லாம் கம்பி. ஓட்டுல ஆள் ஏறினா ஓடு தாங்காது. ஒரே வாசல்தான். ஒரே பூட்டுதான்."

"சாவி?"

ஆவுடையப்பன் இடுப்பைத் தொட்டார்.

"தூக்கிக் காட்டுங்க அண்ணாச்சி," என்றார் மடத்தம்மா. "கதவு பாக்கட்டும்."

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடியே மடத்துக்குத் திரும்பினார்.

மடத்து வாசலில் ஓர் ஓலைப்பெட்டி உண்டு. உள்ளே போகிறவர்கள் செல்போனை அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அவருடைய போன் அதில்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்தார். ஜெபசெல்வி கூப்பிட்டிருக்கிறாள். மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"கூப்பிடுங்க," என்றார் மடத்தம்மா.

"கூப்பிட்டா ஒண்ணுதான் சொல்லணும்."

"என்ன?"

"பூட்டை உடைங்கன்னு."

"சொல்லுங்க."

"வாய் வரல அம்மா. துருப்பிடிச்சுக் கிடந்ததை நான்தான் எண்ணெய் போட்டு எண்ணெய் போட்டுத் திருப்பினேன். அது மாதிரி இன்னொண்ணு செய்ய இப்ப ஆள் இல்ல."

"சரி, சொல்லாதீங்க."

"சுவரு விழுந்துருமே!"

"அப்ப சொல்லுங்க."

"நீங்க ஒரு வழி சொல்லுங்களேன்."

"சாவி என்கிட்டயா இருக்கு?" என்று கேட்டுவிட்டு மடத்தம்மா உள்ளே போனார். அடுப்பில் உலை வைக்கிற சத்தம் கேட்டது.

ஆவுடையப்பன் வாசல் கட்டையில் உட்கார்ந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். இயந்திரத்துக்கு முன்னால் படுத்த அன்றைக்குக்கூட இவ்வளவு பயம் இருந்ததில்லை.

இருட்டிய பிறகுதான் பொத்தானை அழுத்தினார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடி.

"ஐயா," என்றாள் ஜெபசெல்வி. மூச்சு வாங்கியது. பின்னால் ஒரே சத்தம்.

"உடைங்கம்மா!" என்று கத்தினார் ஆவுடையப்பன். "பூட்டை உடைங்க! சுத்தியலால ஒரே போடு, பாத்துக்கிட்டு நிக்காதீங்க!"

அந்தப் பக்கம் சத்தம் தள்ளிப்போனது.

"உடைச்சாச்சுய்யா."

"என்னது?"

"அப்பவே உடைச்சிட்டோம். நீங்க போனை எடுக்கல. கொம்பையா சார்தான் கடப்பாரை கொண்டுவந்தாரு. மன்னிச்சுக்கிடுங்கய்யா."

"தண்ணி?"

"முழங்கால் வரைக்கும் நின்னுச்சு. இப்ப வடிஞ்சிட்டு. கம்பு போட்டுக் குத்தலய்யா, கல்லு பேந்துரும்னு நீங்க சொல்லுவீங்கல்லா. கையை விட்டுத்தான் இலையை அள்ளினோம்."

"மேலச்சுவரு?"

"நிக்குது. இன்னும் ரெண்டு முட்டுக் கொடுத்திருக்கோம்."

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"பூட்டு நாலஞ்சு துண்டாப் போச்சுய்யா," என்றாள் ஜெபசெல்வி. "மைதீன் பிச்சை அண்ணன் டார்ச் அடிச்சு எல்லாத்தையும் பொறுக்கிட்டாரு. எந்தத் துண்டு எங்க கிடந்துச்சுன்னு தரையில சாக்பீஸால குறிச்சிருக்கோம். போட்டோவும் எடுத்தாச்சு. ஒரு சின்னத் திருகு மட்டும் கிடைக்கல. அதைத்தான் இப்ப தேடிக்கிட்டிருக்காங்க."

அவருக்கு அழுகை வந்தது. கதவு ஓரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். உள்ளேயிருந்து மடத்தம்மா எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, உலையில் இன்னும் ஒரு கை அரிசி போட்டார்.

"ஐயா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இன்னொண்ணு கேக்கணும். கதவைப் பூட்ட வழியில்ல. திறந்து போட்டுட்டு வீட்டுக்குப் போகவும் மனசு வரல. நாங்க எல்லாரும் இன்னைக்கு உள்ளயே படுத்துக்கிடட்டுமா? காலையில பெருக்கித் தள்ளிட்டுப் போயிருதோம்."

இரண்டு பக்கத்திலும் ஒரே மழை பெய்துகொண்டிருந்தது.

"வேண்டாம்னா வேண்டாம்யா. வெளிய குடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்கிடுதோம்."

"வெறுந்தரையில படுக்காதீங்க," என்றார் ஆவுடையப்பன். "ஈரம் ஏறும். எங்க வீட்டுல பாய் இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க."